பதினைந்து நொடி நலம்

அதிராம்பட்டினத்தில் கலந்தர் பார்க்கும் வேலைக்கு இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை. கடல் தாண்டிப் பிழைக்கப் போன பிள்ளைகளின் சார்பில் அவர்களைப் பெற்றவர்களை ஓர் எட்டு போய்ப் பார்த்துவிட்டு வருவதுதான் வேலை. அறுபத்து மூன்று வயது, பிரேக் சரியாகப் பிடிக்காத ஒரு ஸ்கூட்டி, வாரத்துக்குப் பதினோரு வீடு. எல்லாம் சொந்தத்துக்குள்தான்: அக்கா, மாமிகள், சின்னம்மாக்கள், வாப்பாவின் கூட்டாளிகளில் மிச்சம் இருக்கும் இரண்டு பேர். அந்த ஊரில் வயதானவர்களுக்கு வருவது மூன்று நோய்கள். ஒன்று சுகர், இன்னொன்று பிரஷர், மூன்றாவது, மகன் வெளிநாட்டில். முதல் இரண்டுக்கும் மாத்திரை உண்டு. மூன்றாவதுக்குக் கலந்தர்.

கரண்டு மீட்டர் பார்க்கிறவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவார். கலந்தர் வாரம் ஒருமுறை வருவார். ஒரே ஒரு வித்தியாசம், மீட்டர் உள்ளதைச் சொல்லும்.

வீட்டுக்குள் நுழைந்து சலாம் சொல்லுவார். ஆளை வெளிச்சம் விழும் பக்கமாக உட்காரச் சொல்லுவார். தலைத்துணியை இழுத்துவிடச் சொல்லுவார். பின்னால் தெரியும் மாத்திரை டப்பா, மடித்து வைத்த ரப்பர் ஷீட்டு, சுவரில் சாய்த்த வாக்கர் எதுவும் படத்துக்குள் வந்துவிடாதபடி நாற்காலியை அரை அடி நகர்த்துவார். பிறகு போனைத் தூக்கிப் பதினைந்து நொடி. அதற்கு மேல் நீண்டால் பிள்ளைகள் பார்க்க மாட்டார்கள் என்பது அவருடைய அனுபவம். பெற்றவர்களும் பழகிவிட்டார்கள். நல்லா இருக்கேன் வாப்பா, நேரத்துக்குச் சாப்பிடு என்பார்கள். கடைசி இரண்டு நொடியில் கலந்தரின் குரல் பின்னாலிருந்து வரும்: அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்காங்க. அது முத்திரை. கொஞ்ச நேரத்தில் துபாயிலிருந்தும் ரியாதிலிருந்தும் சிவப்பு இதயங்கள் வந்து விழும். அடுத்த வீடு.

அவருடைய மனைவி சைத்தூன் பீவி அவரை டைரக்டர் என்று கூப்பிட ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது. காலையில் இடியாப்பத்தை முன்னால் வைக்கும்போதே, இன்னைக்கு எங்கே ஷூட்டிங் என்று கேட்பார். கலந்தர் பதில் சொல்வதில்லை. இருப்பது மனைவி வீடு. அந்த ஊரில் வீடு பெண்ணுக்கு. மகளுக்குக் கல்யாணம் என்றால் வீட்டையும் சேர்த்துக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை பெட்டியோடு வந்து சேருவார். எத்தனை வயதானாலும் மாப்பிள்ளை மாப்பிள்ளைதான். இடியாப்பத்தைத் தின்றுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

அந்த வழக்கத்தால் மாட்டிக்கொண்டவர் கலந்தரின் அக்கா மெஹராஜ் பேகம். எழுபத்து நான்கு வயது. இரண்டும் ஆண் பிள்ளைகள். அவர்கள் பிறந்தபோது தெருவே வந்து சீனி வாங்கித் தின்றுவிட்டுப் பெருமூச்சு விட்டுப் போனது. மகள் இருந்திருந்தால் இந்த வீட்டிலேயே இருந்திருப்பாள். மகன்களோ கல்யாணத்தன்றே அவரவர் மனைவி வீட்டுக்குப் போய்விட்டார்கள். அங்கிருந்து விமானம் ஏறிவிட்டார்கள். மூத்தவன் ஜாஃபர் சாதிக் துபாயில். இளையவன் நௌஷாத் குடும்பத்தோடு ரியாதில். ஜாஃபரின் மனைவி ஹஃப்ஸா நான்கு தெரு தள்ளித் தன் வீட்டில் இருக்கிறாள். தினமும் மதியச் சாப்பாடு கேரியரில் அனுப்புவாள். வெள்ளிக்கிழமை வந்து பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போவாள். மாமியார் போய் மருமகள் வீட்டில் தங்குவது அங்கே நடக்காத காரியம். சம்பந்தி வீட்டுச் சோற்றில் கிடக்கிறாள் என்று ஒரு பேச்சு வந்தால் போதும், மெஹராஜ் பேகம் பாயைச் சுருட்டிக்கொண்டு கடலுக்குள் நடந்துவிடுவார். தம்பி வீட்டுக்குப் போகலாமே என்றால், தம்பிக்கே அது மனைவி வீடு.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை கலந்தர் முதலில் போனது கல்யாண வீட்டுக்கு. நௌஷாதின் மகளுக்கு இன்னும் மூன்று வாரத்தில் கல்யாணம். அவளுக்காக ஊரின் மேற்கே இரண்டு மாடி வீடு எழும்பிக்கொண்டிருந்தது. தரை வேலை முடியும் நேரம். வாரத்தில் மூன்று நாள் அந்தத் தரையையும் படம் எடுத்து ரியாதுக்கு அனுப்புவது கலந்தரின் உபரி வேலை. அன்றைக்கும் ஹாலில் நின்று போனை ஒரு சுற்றுச் சுற்றி அனுப்பினார். இரண்டே நிமிடத்தில் நௌஷாத் கூப்பிட்டுவிட்டான். சன்னல் ஓரம் மூன்றாவது வரிசையில் ஒரு டைல்ஸ் மட்டும் கொஞ்சம் மஞ்சளாகத் தெரிகிறதே மாமா என்றான். கலந்தர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினார். கொத்தனாரும் மண்டியிட்டுப் பார்த்துவிட்டு, ஆமாங்க பாய், பெட்டி மாறிப்போச்சு போலிருக்கு என்று தலையைச் சொறிந்தார். கலந்தருக்கு மருமகனை நினைத்துப் பெருமையாகக்கூட இருந்தது. என்ன கண்ணு அந்தப் பயலுக்கு.

அந்தப் பெருமையோடுதான் அக்கா வீட்டுக்குப் போனார்.

வாசலிலேயே ஊதுபத்தி வாசனை. உள்ளே போனால் சாம்பிராணி. அதற்கும் உள்ளே அத்தர். மூன்றும் சேர்ந்து எதையோ மறைக்கப் பார்த்தன, மறைக்க முடியவில்லை. மழைக்காலத்தில் சாக்கில் நனைந்துபோன கருவாடு மாதிரி ஒரு நாற்றம் அடியில் இருந்தது. எலி ஏதும் செத்துக் கிடக்கிறதா லாத்தா என்று அக்காவிடம் கேட்டார். மெஹராஜ் பேகம் கட்டிலில் கால் மேல் போர்வையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். சாக்கடை அடைத்துக்கொண்டிருக்கிறது, ஆள் வரச் சொல்லியிருக்கிறேன், நீ முகத்தை மட்டும் எடு என்றார்.

முகத்தை மட்டும் எடு என்று அவர் சொல்லத் தொடங்கி எட்டு வாரம் இருக்கும். கலந்தரும் ஏன் என்று கேட்டதில்லை. முகத்தை மட்டும் எடுப்பது சுலபம். நாற்காலி நகர்த்த வேண்டாம். அன்றைக்கும் எடுத்தார். நல்லா இருக்கேன் வாப்பா. அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்காங்க. அனுப்பியாகிவிட்டது. தம்பி வந்தால் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்பியதில்லை என்ற பழக்கத்தில் மெஹராஜ் பேகம் கட்டிலை விட்டு இறங்கி, நௌஷாத் அனுப்பிய செருப்பில் காலை நுழைத்து, அடுப்படிக்கு நடந்தார். சிமெண்டுத் தரையில் ஓரடி விட்டு ஓரடி ஈரம் பதிந்தது. இடது கால் மட்டும்.

கலந்தர் தரையைப் பார்த்தார். டைல்ஸ் பார்த்த அதே கண்ணாடி இன்னும் மூக்கில்தான் இருந்தது.

எழுந்து போய் அக்காவைத் தோளைப் பிடித்து உட்காரவைத்து, வேண்டாம் விடு என்று அவர் கையைத் தட்டத் தட்ட, காலில் சுற்றியிருந்த பழைய கைலித் துணியைப் பிரித்தார். இரண்டாவது விரல் கரி மாதிரி இருந்தது. பக்கத்து விரல் ஊதா. அதற்கு மேலே பாதம் பளபளவென்று வீங்கியிருந்தது. மெஹராஜ் பேகம் தலையைத் திருப்பிக்கொண்டு, வலியே இல்லை, கடுகளவுகூட இல்லை என்றார். ரியாதிலிருந்து வந்த செருப்பு முதல் வாரம் கடித்ததாம். பிள்ளை ஆசையாக அனுப்பியதைப் போடாமல் இருந்தால் நன்றாக இருக்குமா? போட்டுப் பழகினால் சரியாகிவிடும் என்று போட்டுக்கொண்டே இருந்தாராம். கல்யாணம் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம், மூன்று வாரம்தானே என்றார்.

கலந்தருக்கு வந்த கோபத்தில் செருப்பை எடுத்து முற்றத்தில் வீசினார். அது குழாயடியில் போய் விழுந்தது. மறுபடி போய் அதை எடுத்து இன்னும் கொஞ்சம் தூரமாக வீசினார். அதற்குப் பிறகும் கோபம் அப்படியே இருந்தது.

இப்போதே தஞ்சாவூருக்குப் போகலாம், கார் சொல்கிறேன் என்றார். மெஹராஜ் பேகம் கட்டிலில் ஏறிப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். பிள்ளைகளைக் கேட்காமல் வாசல் படி இறங்க மாட்டாராம். ஆஸ்பத்திரி என்றால் காலை எடுத்துவிடுவார்கள், பேத்தி கல்யாணத்தில் கால் இல்லாமல் எதைக் காட்டிக்கொண்டு நிற்பது? அதோடு சபரில் இருக்கிற பிள்ளைகளுக்குக் கெட்ட சேதி சொல்லாதே என்று தம்பிக்கே பாடம் எடுத்தார்.

அந்தப் பாடம் அந்த ஊருக்குப் புதிதில்லை. வெளிநாட்டில் இருப்பவனுக்குக் கெட்ட சேதி சொல்லக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். கடிதம் போட்ட காலத்தில் வாப்பா மௌத்தாகி, அடக்கமும் முடிந்த மூன்றாம் நாள், வாப்பாவுக்குக் கொஞ்சம் சுகமில்லை, துஆ செய்யவும் என்று எழுதுவார்கள். கேசட் வந்தது, போன் வந்தது, முகம் பார்த்துப் பேசுகிற போனும் வந்தது. சட்டம் மட்டும் மாறவில்லை. கலந்தர் ஷார்ஜாவில் தண்ணீர் லாரி ஓட்டிய இருபத்தொன்பது வருடத்தில் அந்தச் சட்டம் அவருக்கும் ஒருமுறை நடத்திக் காட்டப்பட்டது. உம்மா இடுப்பு ஒடிந்து ஏழு மாதம் இதே வீட்டில் கிடந்தார். ஒவ்வொரு வெள்ளியும் கலந்தர் கூப்பிடுவார். உம்மா தூங்குறாங்க, நல்லா இருக்காங்க என்று சொன்னது இதே மெஹராஜ் லாத்தாதான். கலந்தர் வந்து சேர்ந்தபோது கபரில் மண் காய்ந்திருந்தது. மூலையில் ஒரு ரப்பர் ஷீட்டு மட்டும் மடித்து வைத்திருந்தது. ஒரு வருடம் அக்காவோடு அவர் பேசவில்லை. பிறகு பேசினார். ஊருக்குத் திரும்பி வந்து கொஞ்ச நாளில், அக்கா செய்த அதே வேலையைத் தானும் வாரத்துக்குப் பதினோரு வீட்டில் செய்யத் தொடங்கினார். ஒருநாளும் இரண்டையும் சேர்த்து அவர் நினைத்துப் பார்த்ததில்லை. அன்றைக்கு அந்தக் காலின் முன்னால் குந்தியிருந்தபோதுதான் நினைத்தார்.

துபாய்க்குப் போன் போட்டார். ஜாஃபர் சாதிக் மீட்டிங்கில் இருந்தான். கிசுகிசுத்த குரலில் பேசினான். சரி மாமா, பார்ப்போம் மாமா, ஆனால் நௌஷாதிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், கல்யாண வேலையில் அவன் ஏற்கெனவே டென்ஷனாக இருக்கிறான் என்றான். ரியாதுக்குப் போட்டார். நௌஷாத் முழுக்கக் கேட்பதற்குள், ஜாஃபர் காக்காவிடம் சொல்லிவிடாதீர்கள் மாமா, அவருக்குப் பிரஷர் இருக்கிறது, ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிடும் என்றான். மூன்று வாரத்தில் எல்லாரும் வந்துவிடுவார்கள், நேரில் பார்த்து முடிவு செய்யலாம், அதுவரை உம்மாவை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றான். அப்புறம் அந்த டைல்ஸ் மாற்றியாகிவிட்டதா என்று கேட்டான். ஓர் அண்ணன், ஒரு தம்பி. ஒருவன் மனசு நோகாமல் இன்னொருவன் காக்கிறான். இந்தப் பாசத்துக்கு நடுவில் ஒரு விரல் அழுகிக்கொண்டிருந்தது.

மாதம் ஒருமுறை வீடு வீடாக வந்து சுகர், பிரஷர் பார்க்கும் செவ்வந்தி அன்றைக்கு அடுத்த தெருவில்தான் இருந்தார். பக்கத்துக் கிராமத்துக்காரர், அவருடைய அம்மா நடவுக்குப் போனவர், இவர் நர்சிங் படித்தவர். கலந்தர் போய்க் கூட்டிவந்தார். செவ்வந்தி காலைத் தொடவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார், மேலே வீக்கத்தைப் பார்த்தார், நிமிர்ந்தார்.

"பாய், போன மாசம் நான் காலைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். இவங்க வேணாம்னாங்க. நீங்க என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

கலந்தருக்கு ஞாபகம் இருந்தது. வெளிச்சம் போய்விடும், படம் எடுக்க வேண்டும், கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா, அதெல்லாம் நல்லாத்தான் இருக்காங்க என்று சொல்லியிருந்தார்.

"இன்னிக்கே போகணும். நாளைக்குன்னா விரலோட நிக்காது, காலு போயிடும். மூணு வாரம்னு யாராவது சொன்னா அவங்கள வந்து இங்க உக்காரச் சொல்லுங்க," என்று செவ்வந்தி சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கச் சீட்டு எழுத ஆரம்பித்தார்.

மெஹராஜ் பேகம் அசையவில்லை. பிள்ளைகள் வாயிலிருந்து வந்தால்தான் உண்டு. கலந்தர் ஒரு நிமிடம் யோசித்தார். யோசித்தார் என்று சொல்வதும் மரியாதைக்குத்தான். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். பிறகு, காலையில் எடுத்தது சரியாக விழவில்லை லாத்தா, இன்னொன்று எடுக்கிறேன் என்றார். அக்காவும் பழக்கதோஷத்தில் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டார். நல்லா இருக்கேன் வாப்பா என்றார். கலந்தர் முகத்தில் தொடங்கிய போனை மெல்லக் கீழே இறக்கி, போர்வையை ஒரு கையால் விலக்கி, அந்தக் காலில் நிறுத்தினார். பத்து நொடி நிறுத்தினார். வழக்கமான இடத்தில் அவர் குரல் வந்தது. "நல்லா இல்ல. உங்க உம்மா நல்லா இல்ல." ஜாஃபருக்கு இல்லை, நௌஷாதுக்கு இல்லை, நாற்பத்து மூன்று பேர் இருக்கும் குடும்ப குரூப்பில் போட்டார்.

மெஹராஜ் பேகம் கையில் கிடைத்த தலையணையை அவர் மேல் எறிந்தார். மானத்தை வாங்கிவிட்டாயே, நீயெல்லாம் ஒரு தம்பியா என்றார். கலந்தர் தலையணையை எடுத்து அவர் முதுகுக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போனைப் பார்த்தார்.

வீடியோ பதினைந்து நொடி. முதல் இதயம் நான்காவது நொடியில் வந்துவிட்டது. அடுத்து, மாஷா அல்லாஹ். அதற்கடுத்து, பெரியம்மா முகத்துல நூரைப் பாருங்க, என்ன ஒளி. இன்னும் மூன்று இதயம். ஒரு பூங்கொத்து. துஆ கேட்டு ஒருத்தர் இரண்டு கையை ஏந்தினார்.

கலந்தர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு வருடம். பதினோரு வீடு. நாற்காலியை நகர்த்தி, வெளிச்சம் பார்த்து, தலைத்துணியை இழுத்துவிடச் சொல்லி அவர் எடுத்த அத்தனையும். யாரும் பார்க்கவே இல்லை. முகத்தை மட்டும் எடுத்தாரோ முதுகை மட்டும் எடுத்தாரோ, இதயம் வந்திருக்கும். காலையில் எடுத்த தரையை மட்டும் ஒருத்தன் ஓர் அங்குலம் விடாமல் பார்த்திருக்கிறான்.

யாரோ ஒருவர் கடைசியில் முழுக்கப் பார்த்திருக்க வேண்டும். இதயங்கள் சட்டென்று நின்றன. போட்ட இரண்டு பேர் போட்டதை அழித்தார்கள். உடனே நௌஷாத் கூப்பிட்டான். கலந்தர் ஸ்பீக்கரில் போட்டார்.

"மாமா, எல்லாரும் இருக்கிற குரூப்புல இதையா போடுவீங்க? சம்பந்தி வீட்டு ஆளுங்க ரெண்டு பேரு அதுல இருக்காங்க. முதல்ல அத டெலீட் பண்ணுங்க."

"நௌஷாத்து," என்றார் கலந்தர். குரல் அவருக்கே பழக்கமில்லாததாக இருந்தது. "இன்னிக்குக் காலையில ரியாத்துல உக்காந்துக்கிட்டு ஒரு டைல்ஸ் மஞ்சளா இருக்குன்னு கண்டுபிடிச்சே. கொத்தனாருக்குத் தெரியல, எனக்குத் தெரியல, உனக்குத் தெரிஞ்சுச்சு. உன்னைப் பெத்தவ விரலு எட்டு வாரமா கறுத்துக்கிட்டு வருது. தரைய பாக்கிற கண்ணுல பாதி அவ பக்கம் திருப்பியிருந்தா, ஏன் மாமா முகத்த மட்டும் எடுக்கிறீங்கன்னு ஒரு தடவ கேட்டிருப்பே. கேட்டியா நீ?"

நௌஷாத் சொன்னான். "நான் கேக்கல மாமா. ஒத்துக்கிறேன். ஆனா நல்லா இருக்காங்கன்னு வாராவாரம் சொன்னது உங்க குரலுதானே? பக்கத்துல நின்ன நீங்களே பாக்கலையே."

கலந்தருக்குக் கோபம் என்னவோ குறையவில்லை. திசைதான் தெரியாமல் நின்றது.

அப்போதுதான் ஹஃப்ஸா உள்ளே வந்தாள். அன்று வெள்ளிக்கிழமை இல்லை. வீட்டு உடுப்பின் மேல் புர்காவை அவசரமாக மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். கையில் கேரியர் இல்லை. போர்வையை விலக்கிப் பார்த்தாள். எட்டு வெள்ளிக்கிழமை இந்தக் கட்டிலில் உட்கார்ந்து போயிருக்கிறாள்; அந்தக் கால் அவளுக்கு ஒரு சாண் தள்ளித்தான் இருந்திருக்கிறது. மூக்கைச் சிந்திக்கொண்டாள். அழுகிறாள் போலிருக்கிறது என்று கலந்தர் நினைத்தார். அவள் மாமியாரின் தலைமாட்டில் இருந்த பையை எடுத்து உடுப்புகளைத் திணிக்க ஆரம்பித்தாள்.

"மாமி, சம்பந்தி வீட்டு ஆளுங்க பாத்துட்டாங்களாம். ஊரும் இந்நேரம் பாத்திருக்கும். இனிமே மறைக்க ஒண்ணும் இல்ல. எதுக்கு இங்க உக்காந்திருக்கணும், கிளம்புங்க."

மெஹராஜ் பேகம் மருமகளையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். தலையணையை எறிந்த அதே ஆள், கணக்குத் தீர்ந்துவிட்டது என்பதுபோல, கட்டிலிலிருந்து காலைத் தொங்கவிட்டார். எட்டு வாரம் அவரைக் கட்டிவைத்திருந்தது ஒரு பேச்சுதான். பேச்சு வெளியே போனதும் கட்டு விட்டுப்போனது. அந்த வெள்ளைச் சேலையை எடுத்து வை என்று மட்டும் ஹஃப்ஸாவிடம் சொன்னார்.

பட்டுக்கோட்டை தாண்டி ஒரத்தநாடு வழியாகக் கார் போனது. இரண்டு பக்கமும் சம்பா கதிர் சாய்ந்து நின்றது. ஜாஃபர் நான்கு முறை கூப்பிட்டான். நான்கு முறையும் ஹஃப்ஸா போனைப் பார்த்துவிட்டு மடியில் கவிழ்த்து வைத்தாள். ஐந்தாவது முறை எடுத்து, மீட்டிங் முடிஞ்சுதா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். கலந்தர் முன் சீட்டில் உட்கார்ந்து அதைக் கேட்டார். ஜாஃபருக்காக ஒரு வார்த்தை பரிந்து பேச வேண்டியது மாமனின் கடமை. அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் தமிழ்நிலா பூதலூர்ப் பக்கத்துப் பெண். முப்பது வயது இருக்கும். கையுறையை மாட்டிக்கொண்டு ஒரு கம்பியால் பாதத்தில் அங்கங்கே தொட்டுத் தெரிகிறதா தெரிகிறதா என்று கேட்டார். மெஹராஜ் பேகம் எங்கேயும் தெரியவில்லை என்றார். வலியே இல்லை என்று கொஞ்சம் பெருமையாகவும் சேர்த்துக்கொண்டார். வலிக்கவில்லை என்பதுதான் நோயே என்று டாக்டர் சொன்னார். எப்போது புண்ணாச்சு, எப்போது நிறம் மாறியது, எந்த வாரம் வீக்கம் வந்தது என்று கேட்டார். நோயாளிக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வாரா வாரம் பார்க்கிறவர் யார் என்று கேட்டார்.

கலந்தர் போனை எடுத்தார். தேதி வாரியாக எல்லாம் இருந்தது. ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார். முகம். முகம். வெளிச்சத்தில் முகம். தலைத்துணி சரியாக இருக்கும் முகம். எட்டு வாரம், எட்டு முகம். டாக்டர் கேட்ட ஒரு கேள்விக்கும் அதில் பதில் இல்லை.

"இத்தனை எடுத்திருக்கீங்களே ஐயா," என்றார் தமிழ்நிலா. திட்டியிருந்தால் தேவலை. அவர் திட்டவில்லை, கையுறையைக் கழற்றிக் கூடையில் போட்டுவிட்டு, ஆபரேஷனுக்குக் கையெழுத்து யார் போடுவது என்று கேட்டார். மகன் போட வேண்டும் என்று கலந்தர் சொல்ல வாயெடுப்பதற்குள் ஹஃப்ஸா போட்டுவிட்டாள். உறவுமுறை என்ற இடத்தில் மகள் என்று எழுதினாள். எழுதிவிட்டு, யாராவது ஏதாவது சொல்லிப் பார்க்கட்டும் என்பதுபோல நிமிர்ந்து பார்த்தாள்.

இரண்டு விரல் போனது. கால் தப்பியது. இன்னும் நான்கு நாள் கழித்து வந்திருந்தால் முழங்காலுக்குக் கீழே எதுவும் மிஞ்சியிருக்காது என்றார்கள்.

ஊரில் வேறு மாதிரி பேசிக்கொண்டார்கள். நல்ல காரியம் நடக்கிற நேரத்தில் கலந்தர் இப்படிச் செய்திருக்க வேண்டாம் என்றார்கள். பொறாமை என்றுகூட ஒருத்தர் சொன்னார். ஆஸ்பத்திரிக்கும் ஊருக்குமாகப் போய்வந்த நடுவில் கலந்தர் மற்ற வீடுகளுக்கும் போனார். இந்தத் தடவை போனைப் பையில் வைத்துவிட்டு, காலைக் காட்டுங்க மாமி, முதுகைக் காட்டுங்க பெரியவரே, மாத்திரையை எண்ணிக் காட்டுங்க என்று ஆரம்பித்தார். மூன்று வீட்டில் சேதி கேள்விப்பட்டுக் கதவையே திறக்கவில்லை. குவைத்திலிருந்து ஒரு பிள்ளை, நீங்க இனிமே சிரமப்பட வேண்டாம் மாமா, வேற ஆள் பாத்துட்டோம் என்று மிகவும் மரியாதையாகச் செய்தி அனுப்பினான். ஒரு வீட்டில் இடுப்பில் படுக்கைப்புண். ஒரு வீட்டில் ஆறு மாதமாகப் பல் செட் இல்லாமல் கஞ்சி மட்டும். இரண்டையும் அந்தந்தப் பிள்ளைகளிடம் போனில் சொன்னார். சுற்றி வளைக்காமல் சொன்னார். இரண்டு பேருமே, முதல் கேள்வியாக, குரூப்பில் போட்டுவிட்டீர்களா என்று கேட்டார்கள். சைத்தூன் பீவி டைரக்டர் என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். இன்ஸ்பெக்டர் என்று கூப்பிடத் தொடங்கினார்.

ஐந்தாம் நாள் மதியம் வார்டில் ஹஃப்ஸா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். இங்கிருந்து நேராகத் தன் வீட்டுக்குத்தான் மாமியாரைக் கொண்டுபோவதாகச் சொல்லியிருந்தாள். மெஹராஜ் பேகம் முடியாது என்று ஒரு நாளும், பார்க்கலாம் என்று ஒரு நாளும் சொல்லி, இப்போது சும்மா இருந்தார். ஜாஃபர் சாதிக் வீடியோவில் கூப்பிட்டான். கலந்தர் போனை அக்கா கையில் கொடுத்தார். நாற்காலியை நகர்த்தவில்லை, பின்னால் சிறுநீர்ப் பை தொங்குவது அப்படியே தெரிந்தது.

உம்மா எப்படி இருக்கீங்க என்றான் ஜாஃபர். மெஹராஜ் பேகத்தின் கை தானாகத் தலைத்துணிக்குப் போனது. வாய் தானாக, நல்லா இருக்கேன் என்று ஆரம்பித்தது. தம்பியைப் பார்த்தார். கலந்தர் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு நின்றிருந்தார். மெஹராஜ் பேகம் கையைத் தலைத்துணியிலிருந்து எடுத்துவிட்டார்.

"ரெண்டு விரல் இல்ல ஜாஃபரு. நடக்க யாராவது பிடிக்கணும். தனியா இருக்க எனக்குப் பயமா இருக்கு."

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தைகளை அவர் பிள்ளை ஐம்பது வயதில் முதல் தடவையாகக் கேட்டான். துபாயில் எங்கோ கார் ஹாரன் சத்தம் கேட்டது. டிக்கெட் போட்டுவிட்டேன் உம்மா, வந்துவிடுகிறேன் என்றான்.

"கல்யாணத்துக்குப் போட்டதா," என்று மெஹராஜ் பேகம் கேட்டார், "எனக்குப் போட்டதா?"

ஜாஃபர் வாயைத் திறந்தான், மூடினான். போனின் மூலையில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. பத்து. பதினைந்து. ஹஃப்ஸா ஆரஞ்சுச் சுளையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். பதினைந்து ஆனதும் போதும் என்று கலந்தர் சைகை காட்டவில்லை. இருபது. மெஹராஜ் பேகம் போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தார்.